தேருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது, மருமவனே

மருமவனே, சேதி வந்துச்சு. பனப்பாக்கம் ரோட்டோரமா 11 ஏக்கரா புஞ்சைய முடிச்சுட்டியாம், மனைப்பிரிவு போடப் போறியாம், கலர்க் கொடி கூடத் தைக்கக் குடுத்தாச்சாம். சந்தோசம். அக்கா மவன் முன்னுக்கு வந்தா மாமனுக்குத்தானே பெருமை. தொழில்ல புதுசா எறங்குறவனுக்குப் பெரியவங்க நாலு வார்த்த சொல்லணும். எனக்கு வேற வேலையும் இல்ல. உக்காரு, கேட்டுக்கோ.

மொதல்ல ஆர்ச்சு. மொத்த நகருக்கும் ஒரே வாசல், அந்த வாசலுக்கு மேல ரெண்டு யானை. ஆர்ச்சுக்கு உள்ளாற நூறு அடி வரைக்கும் ரோட்ட நல்லா அகலமா போடு. ரெண்டு பக்கமும், நெழலே குடுக்காத அந்த சீமைப் பனை கீதே, அத்த நடு. சென்னையிலேருந்து ஞாயித்துக்கிழம வேன்ல நீ கூட்டினு வர்றவங்க அந்த நூறு அடியத்தான் பாப்பாங்க. அதுக்குள்ள பிரியாணிப் பொட்டலம் வந்துடும். எங்க ஆக்கினாலும் ஆம்பூர் பிரியாணின்னு சொல்லிக் குடு. உள்ளாற தெரு எப்படி முடியுதுன்னு பிரியாணிய வெச்சுட்டு எவனும் எழுந்து போய்ப் பாக்க மாட்டான்.

எப்படி முடியணும்? முட்டணும். கெழக்கால போனா முள்வேலி, வடக்கால போனா கல்லு நட்ட காம்பவுண்டு, மேற்கால போனா பக்கத்து நகர்காரனோட சிலாப்பு சுவரு. அவன் தெருவுங்க கெழக்கு மேற்கா ஓடினா உன் தெருவுங்க தெக்கு வடக்கா ஓடணும். அவனோட 30 அடி ரோடு எந்த எடத்துல வந்து நிக்குதோ, கரெக்டா அந்த எடத்துல உன்னோட மனை நம்பர் 47 வரணும். நீ கணக்குத் தெரிஞ்சவன். 30 அடி அகலம், 40 அடி நீளம், பெருக்கினா 1,200 சதுர அடி. அரை கிரவுண்டு. ரெண்டு நகரும் ஒண்ணோட ஒண்ணு சேர்றதுக்கு ஆவுற மொத்தச் செலவு ஒரே ஒரு மனை. அத்தப் போயி எவனாவது தெருவுக்குக் குடுப்பானா? நீ குடுக்காத.

உன்ன விடக் கெட்டிக்காரனுங்க கீறானுங்க. தெருவ எல்ல வரைக்கும் இழுத்துகினு போற மாதிரி படத்துல காட்டுவானுங்க. கடைசி ஒரு அடிய மட்டும் சத்தமில்லாம தம் பேர்லயே வெச்சுப்பானுங்க. நாளைக்குப் பின்னாடி நெலத்துக்காரன் வந்து வழி கேட்டா, அந்த ஒரு அடிக்கு ஒரு ஏக்கரா வெலை. ஏர் ஓட்டாம, வெத போடாம, களை புடுங்காம வெளையுற நெலம் அது ஒண்ணுதான். இந்த நுணுக்கத்த மனசுல வெச்சுக்கோ.

மனை விக்குமான்னு பயப்படாத. 2018-ல சென்னைப் பெருநகர எல்லைய 1,189 சதுர கிலோமீட்டர்லேருந்து 8,878-க்கு நீட்டலாம்னு கோடு போட்டப்ப, அரக்கோணத்தோட நம்ம நெமிலி தாலுக்காவையும் சேத்துத்தான் போட்டாங்க. ராத்திரி நெமிலிக்காரனா படுத்தவன் காலையில மெட்ராஸ்காரனா எழுந்துடுவேன் போலன்னு சட்டைய இஸ்திரி போட்டு வெச்சேன். 2022-ல அந்தக் கோட்ட 5,904-க்குச் சுருக்கிட்டாங்க. நம்ம மாவட்டத்துலேருந்து அரக்கோணம் பக்கத்து ஊருங்க அதுக்குள்ள போச்சு. கோடு நீளும், சுருங்கும். நெல வெலை சுருங்கி நான் பாத்ததில்ல.

இப்ப கோடே தேவையில்ல. 2024 செப்டம்பர் 28-ந் தேதி பனப்பாக்கம் சிப்காட்டுல டாட்டா கார் கம்பெனிக்கு 9,000 கோடி முதலீட்டுல முதலமைச்சர் அடிக்கல் வெச்சுட்டுப் போனார். அந்த வருசக் கடைசியிலயே ஹாங் ஃபூன்ற தைவான்காரங்க ஷூ கம்பெனிக்கும் அங்கயே கல்லு வெச்சாச்சு. 1,500 கோடி, 25,000 பேருக்கு வேலைன்னு சொன்னாங்க. அதுல ஒரு வேடிக்க: அது தோலு இல்லாத ஷூ. ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் ராணிப்பேட்டையும் தோல வெச்சுப் பொழச்ச பூமி. பாலாத்துத் தண்ணிய அதுக்காகவே காவு குடுத்துட்டு, சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி 1996-ல தீர்ப்பு வாங்கின பூமி. அங்க வந்து தோலே வேணாம்னு ஷூ தைக்கிறாங்க. தைக்கட்டும், நம்ம பொண்ணுங்களுக்குச் சம்பளம் வந்தா சரி. அந்தப் பொண்ணுங்க சேதிக்குத்தான் வரப் போறேன்.

இதுக்கு நடுவுல பெங்களூரு சென்னை எக்ஸ்பிரஸ்வே வேற. ஓசகோட்டையில ஆரம்பிச்சு நம்ம மாவட்டத்தக் குறுக்கால வெட்டிகினு ஸ்ரீபெரும்புதூர்ல போய் முடியுது. 260 கிலோமீட்டர் சுமாரு. அதுல கண்ட எடத்துல ஏற முடியாது, கண்ட எடத்துல எறங்க முடியாது, நடுவுல கடக்கவும் முடியாது. இனிமே நமக்குப் பெங்களூரு கிட்ட, எதுத்த கழனி தூரம். களை எடுக்கப் போறவங்க பாலத்தடி எங்க விட்டிருக்குன்னு தேடிகினு போவணும். தப்புன்னு சொல்லல. பெரிய ரோடு போடறதுக்கு டில்லியில ஆளு கீது, கோட்டையில ஆளு கீது. சின்னத் தெருவ சின்னத் தெருவோட சேக்கறதுக்குத்தான் ஆளே கெடையாது. அந்த வேலை உன்ன மாதிரி ஆளுங்க கையில வந்து மாட்டிகினு கீது. அதனாலதான் உன்னைய மதிச்சு இவ்வளவு பேசறேன்.

ஒன்ன வுட்டுட்டேன் பாரு. உன் 11 ஏக்கராவுக்கு நடுவுல ஒரு வண்டிப் பாட்டை ஓடுதே, அத்த மொதல்ல காணாமப் பண்ணிடு. கிராம வரைபடத்துல புள்ளிக் கோடா கீது, அ-பதிவேட்டுல வண்டிப் பாதைப் புறம்போக்குன்னு எழுதியும் கீது. அப்படி எழுதினது தெரிஞ்ச கடைசி ஆளுங்க நாங்க ரெண்டு மூணு கெழவனுங்கதான், எங்களுக்கும் கண்ணு தெரியல. அந்தப் பாட்டை எங்கேருந்து எங்க போச்சு தெரியுமா? ஊரு, களத்து மேடு, ஏரிக்கரை, அப்படியே தாண்டி அடுத்த ஊரு சந்தை வரைக்கும். மாட்டு வண்டி போச்சு, கரும்பு போச்சு, கல்யாணச் சீரு போச்சு. உங்க அம்மாவக் கட்டிக் குடுத்தப்ப பாத்திரம் பண்டமெல்லாம் அந்த வழியாத்தான் போச்சு. எஞ்சினீயரு யாரும் போடல. காலும் சக்கரமும் போட்ட வழி, அதனால எங்கயும் முட்டல. முட்டுற எடத்துக்கு மாடே போவாதே.

தெரு முட்டக் கூடாதுன்னு நம்ம முன்னோருங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். தேருதான் சொல்லிக் குடுத்திருக்கணும். காஞ்சிபுரத்துல நாலு ராச வீதி கீது, போய்ப் பாரு. தேருக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது மருமவனே. வடம் புடிச்சு முன்னால இழுக்கலாம், முட்டுக்கட்ட போட்டு மூலையில திருப்பலாம். பின்னால தள்ளிகினு வர முடியாது. நெலையிலேருந்து கெளம்பினது நெலைக்கே வந்து சேரணும்னா, நாலு தெருவும் நாலு மூலையிலயும் ஒண்ணோட ஒண்ணு சேந்தே ஆவணும். ஒரு தெரு முட்டிச்சுன்னா சாமி நடுரோட்டுல நின்னுடும். எந்த ஊருல எந்த மிராசுதாரும் அந்தப் பழிய ஏத்துக்க மாட்டான்.

இப்ப உன் நகருக்குள்ள சாமி வரப் போறதில்ல, பேரூராட்சி குப்ப வண்டிதான் வரப் போவுது. அதுக்கு ரிவர்ஸ் கியர் கீது. காலையில ஆறு மணிக்கு ஒவ்வொரு முட்டுச் சந்துலயும் நொழைஞ்சு கீக் கீக்குன்னு கத்திகினே பின்னாடி வரும். கோழி கூவறதுக்குப் பதிலா அதுன்னு நோட்டீசுல போட்டுக்கோ. தண்ணி லாரி அப்படித்தான், ஸ்கூல் வேனும் அப்படித்தான். அரக்கோணத்துலேருந்து தீயணைப்பு வண்டி வந்தா, எந்தச் சந்து எங்க முட்டுதுன்னு கேட்டுகினு நிக்கும். அதுக்குள்ள எரியறதெல்லாம் எரிஞ்சு முடிஞ்சு, பொறுமையா தண்ணி அடிக்கலாம்.

அக்கம் பக்கத்துச் சிநேகமும் வளரும். உன் நகர்ல கடைசி மனை வாங்கினவன் வீட்டுக்குப் பின் சுவரு, அடுத்த நகர்ல கடைசி மனைக்காரன் வீட்டுக்கும் பின் சுவரு. அந்த வீட்டுல கருவாட்டுக் கொழம்பு தாளிச்சா இந்த வீட்டுல தும்மல் வரும். ஆனா கொழம்பு ஒரு கிண்ணம் வரணும்னா? அது கிண்ணத்த எடுத்துகினு ஆர்ச்சுக்கு வெளிய வரணும், மெயின் ரோட்டுல லாரிக்கும் டிப்பருக்கும் நடுவுல ஒதுங்கி ஒதுங்கி நடக்கணும், உன் யானைங்களுக்குக் கும்பிடு போட்டுட்டு உள்ள நொழைஞ்சு கடைசி வரைக்கும் வரணும். உள்ள 250 மீட்டர், வெளிய 150, மறுபடி உள்ள 250. சுவத்துக்கு அந்தப் பக்கம் போவறதுக்கு 650 மீட்டர். எவ நடப்பா? பைக்க எடுப்பா. பெட்ரோல் போட்டுகினு போயி குடுக்கிற கொழம்பு, ருசியாத்தான் இருக்கும்.

இப்ப அந்தப் பொண்ணுங்க சேதி. ஆம்பூர் பக்கம் விடியக் காலையில ஹைவேயில நின்னு பாத்திருக்கியா? ஊரு ஊரா ஷூ கம்பெனி பஸ்ஸு வந்து பொண்ணுங்கள ஏத்திகினு போவும். கூடை, டிபன் பாக்ஸு, தூக்கம் கலையாத கண்ணு. வேலூர்லேருந்து வாணியம்பாடி வரைக்கும் ஊருங்கெல்லாம் அந்த ஒரே ஹைவேயப் புடிச்சுகினு தொங்குதுங்க. கடைத்தெருவும் அதுதான், பள்ளிக்கூடம் போற வழியும் அதுதான், மும்பை போற லாரிக்கும் அதுதான். ஒரே ரோட்டுல எல்லாரையும் தள்ளிட்டு, அப்புறம் விபத்து விபத்துன்னு போர்டு வெப்பாங்க. பனப்பாக்கத்துக்கும் நாளைக்கு அப்படித்தான் பஸ்ஸு வரும். உன் நகருக்குள்ள வராது. வந்தா திரும்ப எடமில்ல. ஆர்ச்சுக்கு வெளியதான் நிக்கும். கடைசித் தெருவுல வாடகைக்கு இருக்கிற பொண்ணு இருட்டுல எழுந்து, நாயிக்குப் பயந்து, மொத்த நகரையும் நடந்து வரணும். பின்னால ஒரு வழி இருந்தா ரெண்டே நிமிசத்துல பஸ் ரூட்டுக்கு வந்திருக்கும். ஆனா அங்க மனை நம்பர் 47. கார் ஷெட்டு கட்டியிருப்பான்.

தண்ணிக்கும் நீ இதே கவனிப்பத்தான் பண்ணப் போறேன்னு கேள்வி. ஓடைய மண்ணு கொட்டி மட்டம் பண்ணிட்டியாமே? காவேரிப்பாக்கம் ஏரி வழிஞ்சா அந்தத் தண்ணி கொசஸ்தலை ஆத்துல விழுந்து நம்ம ஊரத் தொட்டுகினு பூண்டிக்குப் போயி மெட்ராஸ்காரன் கொழாய்ல ஊத்துது. அந்தாண்ட மகேந்திரவாடில, மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டுல ஒத்தப் பாறையக் கொடைஞ்சு பெருமாளுக்குக் கோயில் பண்ணி, தன் பேர் வெச்ச ஏரியோட கரையில வெச்சான். ஒரு ஏரி நெறஞ்சா கலங்கல்ல வழிஞ்சு அடுத்த ஏரிக்கு, அது நெறஞ்சா அதுக்கடுத்ததுக்கு. தண்ணிய முட்டுச் சந்துல கொண்டு போய் விட்டா என்ன ஆவும்னு உன் நகர்ல மனை வாங்கினவன் ஐப்பசி கார்த்திகையில கட்டில் மேல உக்காந்து தெரிஞ்சுப்பான்.

கெழவன் பொலம்பறான்னு நெனைக்காத. என் பேத்தி சென்னையில ஊரமைப்புப் படிக்கிறா, அவதான் படிச்சுச் சொன்னா. கனடாவுல பாரிங்டன்-லீ, அமெரிக்காவுல மில்லார்டு-பால்னு ரெண்டு பேரு. 2020-ல உலகத்துல இருக்கிற தெருவையெல்லாம் கம்ப்யூட்டர்ல வெச்சு அளந்திருக்காங்க. எது முட்டுது, எந்த முனையில மூணு தெரு சேருது, எதுல நாலு சேருது, சுவத்துக்கு அந்தப் பக்கம் போவ எவ்வளவு சுத்தணும்னு. 1975-லேருந்து புதுசா போடற தெருவுங்க உலகம் பூரா முட்டிகினேதான் போவுதாம். அர்ஜென்டினாவும் பெருவும் மாதிரி சில நாடுங்கதான் இன்னமும் கட்டம் போட்ட மாதிரி தெரு போடறாங்களாம். அமெரிக்காக்காரன் 1990-கள் நடுவுல உச்சத்துக்குப் போயிட்டு, கொஞ்சம் புத்தி வந்து குறைச்சிகினானாம். நாம இப்பத்தான் அவன் வுட்டுட்டுப் போன எடத்துல ஆரம்பிக்கிறோம். அவன் போட்ட பழைய சட்டைய நாம ஏன் வுடணும்?

பாங்காக்குன்னு ஒரு ஊரு. பெரிய ரோட்டுலேருந்து சந்து சந்தா உள்ள போவும், சோய்ம்பாங்க. பல சந்து உள்ளயே முடிஞ்சுடும், அடுத்த சந்தோட சேராது. அதனால ஊரு சனம் அத்தினியும் பெரிய ரோட்டுக்கே வந்தாவணும். அங்க காரு நகராது. அவ்வளவு தூரம் எதுக்கு, சென்னையில ஓஎம்ஆருக்குப் போயிருக்கியே. ஒரு பக்கம் ஓஎம்ஆர், இன்னொரு பக்கம் ஈசிஆர், ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்துப் பக்கத்துல ஓடுது. நடுவுல பக்கிங்காம் கால்வாய். அதத் தாண்டற பாலத்த வெரல் வுட்டு எண்ணிடலாம். இந்தாண்ட மாடியில நின்னா அந்தாண்ட மாடியில காயற துணி என்ன கலருன்னு சொல்லலாம், போவணும்னா ஊரச் சுத்தணும். கண்ணாடி ஆபீசுல உலகத்துக்கே வலை பின்னறவனுங்க, தெருவுக்கு ஒரு முடிச்சுப் போட மாட்டேங்குறாங்க. அதுவே அண்ணாநகர் பாரு. 1968-ல வர்த்தகப் பொருட்காட்சி நடந்த எடம், வீட்டு வசதி வாரியம் போட்ட தெரு. ஒண்ணுல அடைசல்னா அடுத்ததுல பூந்துடலாம். அங்க மனை இன்னா வெலைன்னு கேட்டுப் பாரு. தெரு விட்டவன் நஷ்டப்படலன்னு அப்பத் தெரியும்.

வீட்ட இடிச்சிக் கட்டலாம் மருமவனே, தெருவ யாரும் இடிச்சிக் கட்டினதில்ல. 1666-ல லண்டன் எரிஞ்சுதாம். சாம்பல் ஆறறதுக்குள்ள பெரிய பெரிய ஆளுங்க நேர் நேரா புதுத் தெரு படம் போட்டுகினு வந்து நின்னாங்களாம். நெலத்துக்காரன் எவனும் தன் எடத்த வுடல. பழைய சந்துலயே பழையபடி கட்டிகினாங்க. ராஜாவாலயே முடியல, நம்ம பேரூராட்சியால முடியுமா? உன் ஜேசிபி இன்னிக்குக் கிழிக்கிற கோடு, உன் பேரன் பேத்தி காலத்துக்கும் அப்படியே கெடக்கும்.

காகிதத்துக்கு நீ பயப்படத் தேவையில்ல, எனக்குத் தெரியும். 2016 செப்டம்பர்ல ஐகோர்ட்டு அங்கீகாரமில்லாத மனையப் பதியக் கூடாதுன்னு ஒரே போடா போட்டுச்சே, அப்ப உன் கூட்டாளிங்க முகத்துல ஈயாடல. பத்திர ஆபீசுல வேப்ப மரத்தடி டீக்கடைக்காரனுக்குக் கூட யாவாரம் படுத்துச்சு. அப்புறம் 2017 மே மாசம் வரன்முறை விதி வந்துச்சு. பணம் கட்டு, மனைய நேராக்கிக்கோ. மனை நேராச்சு. தெரு? அது எப்படிக் கோணிச்சோ, எங்க முட்டிச்சோ அப்படியே நேரானதா கணக்கு. இப்ப டிடிசிபி அப்ரூவல்னு போர்டு வெக்கிறீங்க. ரோட்ட தானமா எழுதிக் குடுக்கணும், பெரிய மனைப்பிரிவுன்னா பத்துல ஒரு பங்கு பூங்காவுக்கு வுடணும். ரோடு எழுதிக் குடுக்கிறது சரி. அது எங்க போய்ச் சேருதுன்னு சேத்து எழுத உனக்குப் பேனா ஓடாது. பூங்காவுக்கு நீ எந்த எடம் வுடுவேன்னும் தெரியும். கெணறு தூர்ந்து போன அந்தப் பள்ளம்.

சரி, சிரிச்சது போதும். இந்த ஒரு விசயத்துல மாமன் வெளையாட மாட்டேன்.

பழைய ஊரு வழியெல்லாம் தொறந்து கெடந்துச்சுன்னு சொன்னேனே, அது பாதிதான் உண்மை. எங்களுக்குத் தொறந்து கெடந்துச்சு. காலனிக்காரங்களுக்கு? அவங்க வர்ற வழி ஊருக்குள்ள வராம பாத்துகினது யாரு? தெருவ முட்ட வெக்கிற வித்தைய உங்க ரியல் எஸ்டேட்டு கண்டுபுடிக்கல, அது எங்க காலத்துச் சரக்கு. 2019 ஆகஸ்டுல, அப்ப அதுவும் வேலூர் ஜில்லாதான், வாணியம்பாடி பக்கத்துல நாராயணபுரத்துல இன்னா நடந்துச்சு? செத்தவரத் தூக்கிகினு ஆத்தங்கரைக்குப் போற வழிய நெலத்துக்காரங்க அடைச்சுட்டாங்க. பாலாத்துப் பாலத்து மேலேருந்து பாடையக் கயிறு கட்டி எறக்கினாங்க. ஊரே செல்போன்ல பாத்துச்சு, ஐகோர்ட்டு தானா முன்வந்து கேள்வி கேட்டுச்சு. மதுரைப் பக்கம் உத்தப்புரத்துல நின்ன தீண்டாமைச் சுவத்துல ஒரு பகுதிய 2008-ல இடிச்சாங்க, தெரியுமில்ல?

உன் நோட்டீசுல 'பாதுகாப்பான கேட்டட் கம்யூனிட்டி'ன்னு போட்டிருக்கே. யாருகிட்டேருந்து பாதுகாப்பு? திருடனுக்கு வாசல் எதுக்கு, அவன் சுவரேறி வருவான். கேட்டுப் போட்டா நிக்கிறவன் யாரு? பால்காரன், கீரைக்காரி, வேலை முடிஞ்சு குறுக்கு வழியில வூட்டுக்குப் போற ஷூ கம்பெனிப் பொண்ணு. மேற்காலத் தெருவத் தொறந்து வுட்டா அது நேரா காலனிக்குப் போய்ச் சேரும். அங்கதான நீ மனை நம்பர் 47-ஐக் கொண்டு போய் வெச்சே? காசுக் கணக்குன்னு சொல்லாத. வாங்குறவங்க மொகம் சுளிப்பாங்கன்னு வெச்சே. பொலிவா கல்லு ஒட்டி, கேமரா மாட்டி, செக்யூரிட்டி போட்டா அது வேற சுவருன்னு ஆயிடாது.

வழி இல்லாமயா போச்சு? குஜராத்துல அகமதாபாத்துல ஒரு முறை வெச்சிருக்காங்க. நெலத்துக்காரங்க எல்லாருடைய எடத்தையும் படத்துல ஒண்ணா சேத்துப்பாங்க. மொதல்ல தெருவ போடுவாங்க, பள்ளிக்கூடத்துக்கும் பூங்காவுக்கும் எடம் எடுப்பாங்க, அப்புறம் மிச்சத்த சதுரம் சதுரமா வெட்டி அவங்கவங்களுக்கே திருப்பிக் குடுப்பாங்க. எடம் கொறையும், வெலை ஏறும். அந்த ஊரச் சுத்தி 76 கிலோமீட்டர் வட்டச் சாலைக்கு இந்த முறையிலதான் எடம் எடுத்தாங்களாம். நமக்கும் 1920-லயே மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தாச்சு, அதுலயும் இதுக்கு வழி இருந்துச்சுன்னு பேத்தி சொல்றா. நூறு வருசமா பீரோவுல தூங்குது. நீயும் வடக்கால நகர்காரனும் மேற்கால நகர்காரனும் ஒரு டீக்கடையில ஒரு மணி நேரம் உக்காந்தீங்கன்னா, சட்டமே வேணாம். மூணு படத்தையும் மேசை மேல ஒட்டிப் போட்டுப் பாருங்க. எந்தத் தெரு எதோட சேரணும்னு உங்க கண்ணுக்கே தெரியும். உங்களுக்குள்ள பேச்சுவார்த்த இல்லன்னு கேள்விப்பட்டேன். ஒருத்தன் கமிஷன ஒருத்தன் கெடுத்தானாமே. நாளைக்கு அங்க குடியேறப் போற ஆயிரம் குடும்பம் அந்தக் கமிஷன் சண்டையச் சுத்திச் சுத்தித்தான் நடக்கணும் போல.

இப்ப நீ வந்த விசயத்துக்கு வரேன். ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கினு சும்மா மாமனப் பாக்க வந்தேன்னு உங்க அம்மா நம்புவா. உன் 11 ஏக்கராவுக்கு மெயின் ரோட்டுலேருந்து வர்ற வழி 16 அடிதான். அந்த அகலத்துக்கு அப்ரூவல் கெடைக்காதுன்னு ஆபீசுல சொல்லிட்டான். அந்த வழிய ஒட்டி நீளமா, அகலமில்லாம, எட்டு சென்ட் நெலம் கெடக்குது. புளிய மரம் ரெண்டு கீது. யாருதுன்னு கேட்டிருப்பே. கேட்டதும் பழக்கடைக்குப் போயிருப்பே.

ஒரு அடிய தன் பேர்ல வெச்சுக்கிற நுணுக்கத்த மனசுல வெச்சுக்கோன்னு சொன்னேன் இல்ல? என்கிட்ட எட்டு சென்ட்டே கீது.

குடுக்க மாட்டேன்னு சொல்லல. பணமும் கேக்கல. எட்டு சென்ட்டுக்குப் பதிலா மனை நம்பர் 47-ஐ எனக்குக் குடு. நான் அதுல வீடு கட்ட மாட்டேன். ரோடுன்னு படத்துல போட்டு, எல்லக் கல்லு வரைக்கும், ஒரு அங்குலம் கூட உன் பேர்ல நிக்காம, பேரூராட்சிக்குத் தானமா எழுது. வண்டிப் பாட்டைய அது இருந்த எடத்துலயே வெச்சு, அதுமேலயே தார் போடு. வடக்காலயும் ஒரு தெரு முனையத் தொறந்து வை, அந்தாண்டக்காரன் சுவத்த எடுக்கிறப்ப எடுக்கட்டும். ஆர்ச்சு நீ வெச்சுக்கோ, யானையும் வெச்சுக்கோ. கேட்டு மட்டும் வேணாம்.

யோசிச்சுச் சொல்றேன்னு எழுந்துக்கிறியா? யோசி. சர்வேயரக் கூட்டினு வர்றப்ப வெயிலுக்கு முன்னால வாங்க, கல்லு நடறப்ப நானும் கூட நிக்கணும். படத்த பெரிய காகிதத்துல அச்சுப் போட்டுக் கொண்டா, எனக்குப் பொடி எழுத்துத் தெரியாது. பேத்தி இந்த சனிக்கிழமை வர்றா, அவ பாத்துட்டுச் சரின்னு சொன்னாத்தான் கையெழுத்து. அப்புறம் அந்த சாத்துக்குடிய எடுத்துகினு போ, எனக்கு ஒத்துக்காது. ஆப்பிள வெச்சுட்டுப் போ.